கிழக்குப் பாத்திக்கு மீன் தண்ணீர்

ஜூன் 1, ஞாயிறு

மூத்த மகன் வயிற்றுப் பேரன் கவினுக்கு ஜெர்மனியில் வேலை உயர்வு வந்துவிட்டது. அவனுக்குக் கீழே இப்போது ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள், பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள். ஈரோட்டில் மகள் வயிற்றுப் பேத்தி மௌனிகா பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். காலேஜில் இரண்டாவது. முதலாவது வந்தவள் அதே காலேஜ் புரொபசரின் மகளாம், ஆகவே எங்கள் மௌனிகாதான் முதல் என்று நான் வைத்துக்கொண்டேன். அவள் தம்பி இனியன் செஸ்ஸில் மாவட்டக் கோப்பை வாங்கியிருக்கிறான். எதிரில் உட்கார்ந்தவர் மீசைக்காரராம். தோற்றதும் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லையாம்.

இத்தனையும் காந்திமதியம்மாளிடம் வாசலில் நின்றபடியே சொன்னேன். கீழ்மாடி வீடு, திருநெல்வேலிக்காரர், என் வயதுதான் இருக்கும். காலையில் மகனும் மருமகளும் கிளம்பிப் போனால் அந்த வீட்டிலும் ஓர் ஆள், எங்கள் வீட்டிலும் ஓர் ஆள். என்னை மதினி என்பார். அப்படி உறவு சொல்லிக் கூப்பிட இந்தக் கோயமுத்தூர் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

கீரைக்கட்டை வாங்கி மோந்து பார்த்தார். "இப்படிப்பட்ட சிறுகீரைய சந்தையில பாக்க முடியாது மதினி. இதுக்கு என்னதான் போடுதிய?"

"வீட்டுத் தண்ணிதானுங்கம்மா. அரிசி களைஞ்சது, பருப்புக் கழுவுனது."

பொய் இல்லை. மொட்டை மாடியில் எனக்கு ஐந்து பாத்தி. செங்கல் அடுக்கி, தார்ப்பாய் விரித்து, மண் கொட்டியது. நாலு பாத்திக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் அலசிய தண்ணீரும் போகும். கிழக்குப் பாத்திக்கு மட்டும் அந்தக் கழனித் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்ற மாட்டேன். காந்திமதியம்மாளுக்கு அறுப்பது அதில்தான்; என்னிடம் வாங்குகிறவர்களில் சைவம் அவர் மட்டும்தான். முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடு அது. தெரிந்துகொண்டே மீன் தண்ணீர்க் கீரையைக் கொடுப்பேனா? அவர் முதல் முறை கீரை கேட்ட அன்றே பாத்தியைப் பிரித்துவிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டுவது என் வழக்கம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

நாளை ஈரோட்டுக்குப் போகிறேன். மௌனிகா கையால் பல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருமகள் மேனகாவிடம் கீரைக்கு வேண்டியதைச் சொன்னேன். மீனைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து அலசும் முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும், உப்புப் பட்டால் செடி கருகிவிடும். இரண்டாவது மூன்றாவது அலசலை எடுத்துக்கொள். அதோடு மூன்று பங்கு கழனித் தண்ணீரைக் கலந்து வேரில் ஊற்று, இலையில் தெளிக்காதே. கிழக்குப் பாத்திக்கு என்று ஆரம்பித்தேன், அதற்குள் அவளுக்கு ஆபீசிலிருந்து போன். தலையை ஆட்டினாள். எனக்கு ஆட்டினாளா போனுக்கு ஆட்டினாளா, அவளுக்கே வெளிச்சம்.

இந்தக் காலத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா.

ஜூன் 14, சனி

ஈரோட்டிலிருந்து வந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை, நேரே மாடிக்குப் போனேன். நாலு பாத்தி நன்றாக இருக்கிறது. கிழக்குப் பாத்தியில் இலை ஓரமெல்லாம் பழுப்பேறிச் சுருண்டு கிடக்கிறது. வெயில் என்றால் மற்ற நாலுக்கும் அடிக்காத வெயில் இதற்கு மட்டும் தனியாக அடித்ததா?

மேனகாவைக் கேட்டேன். "தெரியலீங் அத்தை" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கவின் போன ஞாயிறும் பேசவில்லை, அதற்கு முந்தின ஞாயிறும் பேசவில்லை. அங்கே இப்போதுதான் வெயில் காலமாம், வீட்டில் யாரும் தங்க மாட்டார்களாம்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

காலையில் கட்லா மீன் வாங்கி அலசிய தண்ணீரை மாடிக்குக் கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க செகரட்டரி சபேசன் வந்திருந்தார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது எங்கள் கட்டடத்துக்கு மேனேஜர்.

"பக்கெட்ல என்னம்மா?"

"மீன் அலசுன தண்ணிங்க."

"அது எதுக்கு?"

"கீரைக்குத்தானுங்க."

போனை எடுத்தார். "ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க" என்றார். என் கீரையைத்தான் ஆசைப்பட்டு எடுக்கிறார் என்று நினைத்தேன். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தேன், கையில் அழுக்கு பக்கெட். நின்று சிரித்து வேறு தொலைத்தேன்.

சாயங்காலம் அது அசோசியேசன் வாட்ஸப்பில் வந்துவிட்டது. என்னவென்று படிக்கச் சொன்னேன். மேனகா படித்தாள். "நம்மில் பலரும் ஆசையாக வாங்கிச் சாப்பிடும் கீரை வளரும் விதம் இதுதான். சைவக் குடும்பங்கள் கவனிக்கவும். மாடித் தோட்டத்தை அகற்றுவது பற்றி வரும் ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுக்கப்படும்." அதற்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மேனகா சிலதைப் படித்தாள், சிலதை விழுங்கினாள். அவள் விழுங்கியது எனக்குத் தெரியாதா? அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மீன் தண்ணீர் அசிங்கமாம். இவர்கள் காசு கொடுத்து மூட்டையில் வாங்கிப் பூச்செடிக்குப் போடுகிற உரம் எதை அரைத்துச் செய்தது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பார்களா?

ஜூன் 16, திங்கள்

லிஃப்ட் வாசலில் காந்திமதியம்மாள். கையில் நேற்று முன்தினம் நான் கொடுத்த கீரைக்கட்டு, கட்டுப் பிரிக்காமலே. பக்கத்தில் சபேசன், இன்னும் இரண்டு பெண்கள்.

"ஏங்க, நாலாவது மாடியம்மா. எத்தன நாளா எங்க வீட்டு உலையில மீன் தண்ணிய ஏத்திக்கிட்டு இருக்கிய?"

மதினி இல்லை. நாலாவது மாடியம்மா.

"நான் கும்பிடுத சாமிக்கு அதைப் பொரியல் வச்சுப் படைச்சிருக்கேன். விரதத்தன்னைக்குத் தின்னுருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியளா?"

கிழக்குப் பாத்தி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. தனியாக வந்து கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பாத்தியைக் காட்டியிருப்பேன். சபேசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரி மாதிரி கேட்டால்? நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? ஒன்றரை வருடம் என் கையால் வாங்கித் தின்றவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதானா?

"வேண்டாம்னா வீசிப்போட்டுப் போங்" என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்தேன். லிஃப்டில் வரவில்லை. நாலு மாடி ஏறியதில் முட்டி இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 18, புதன்

என் இளைய மகன் பரணிதரன் வாட்ஸப்பில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"எதுக்குடா மன்னிப்புக் கேட்ட? உங்கம்மா யாரு வீட்டுலயாவது திருடுனாளா?"

"அம்மா, நான் இங்க இருபது வருசம் லோன் கட்டோணும். பத்துப் பேரு மூஞ்சியில முழிக்கோணும். விடுங்கம்மா."

"என்ற மூஞ்சிய யாரு மூஞ்சியில கொண்டு போய் முழிக்கறது?"

டிவி சத்தத்தைக் கூட்டினான். மேனகா எழுந்து வந்து அதை அணைத்தாள். அவள் எதற்கு அணைத்தாள் என்று தெரியவில்லை, அவளுக்கும் என் மேல் கோபம் இருக்கலாம்.

அந்தப் படம் சொந்தக்காரர் வரைக்கும் போயிருக்கிறது. கவின் கூடப் பார்த்துவிட்டானாம். "என்ன சொன்னான்?" என்றேன். "பொம்மை போட்டிருக்கறானுங்க" என்றாள் மேனகா. "என்ன பொம்மை?" "சிரிக்கிற பொம்மைங்க."

நல்லது. நெடுநாள் கழித்து என்னைப் பார்த்துப் பேரன் சிரித்திருக்கிறான்.

ஜூன் 19, வியாழன்

கவின் பேசவில்லை. அங்கே வேலை நேரம்.

ஜூன் 21, சனி

இன்று நான் போட்ட சத்தம் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கும்.

கிழக்குப் பாத்தியில் பாதிச் செடி பட்டுப்போய்விட்டது. இலை ஓரத்தில் தொடங்கி நடு நரம்பு வரை எரிந்து, தொட்டால் பொடிகிறது. நோய் இப்படி இருக்காது. முன்பே வாடியிருந்ததன் மேல் என்னவோ கொட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதற்கு முன்பே செடியைக் கொன்றுவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?

இறங்கிப் போனேன். கார் நிறுத்துகிற இடத்தில் சபேசன், அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர், காந்திமதியம்மாளும் அங்கேதான்.

"ஏனுங் சபேசன் சார், பிளீச்சிங் பவுடர எத்தனை கிலோ கொட்டுனீங்?"

"என்னம்மா உளறுறீங்க?"

"நானா உளறறேன்? அஞ்சு பாத்தியில மீன் தண்ணியே படாத ஒரே பாத்தி அதுதானுங்க. அதைத்தானா எரிக்கோணும்?" அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. காந்திமதியம்மாளைப் பார்த்தே சொன்னேன். "கிழக்குப் பாத்தி உங்களுதுங்கம்மா. மொத நாள்ல இருந்தே உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சது. கழனித் தண்ணி தவிர அதுல ஒரு சொட்டு வேற படல. மருதமலையான் மேல சத்தியமாச் சொல்றேன்!"

சபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. விஷயமே இல்லையே" என்றார். பெரிய மனது.

விளக்கு வைக்கும் நேரத்தில் காந்திமதியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தூக்குப் போணி, உள்ளே சொதி. "தேங்காப்பால் மூணு தரம் எடுத்து வச்சேன், மதினி. சாப்பிடுங்க. நான் அவசரப்பட்டுட்டேன். எனக்குன்னு தனியாவா வச்சிருந்திய? ஒரு வார்த்த சொல்லப்படாதா?" கண் கலங்கியிருந்தது. நாளைக் கூட்டத்தில் தோட்டப் பேச்சை எடுக்கப் போவதில்லை என்று சபேசன் சொல்லிவிட்டாராம்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனாலும் சொதியை மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மேனகா காலையில் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"அத்தை, அந்தப் பாத்திய எரிச்சது யாருமில்லீங்க. நானுங்க."

நான் ஈரோட்டில் இருந்த ஞாயிறு மீன் வாங்கியிருக்கிறாள். ஐந்து பாத்தியில் கிழக்குப் பாத்திதான் கொஞ்சம் வெளிறித் தெரிந்ததாம். கழனித் தண்ணீர் மட்டும் குடிக்கிற கீரை அப்படித்தான் இருக்கும், மற்றதைப் போலக் கருகருவென்று வராது. பாவம் என்று நினைத்து முழு பக்கெட்டையும் அதற்கே ஊற்றியிருக்கிறாள். முதல் அலசல், இரண்டாவது அலசல் எல்லாம் ஒன்றாக. உப்போடு. லிஃப்டில் வாசம் வரும் என்று நாலு மாடியும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியில் போயிருக்கிறாள்.

"ஏம்மிணி, நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க சத்தியம் பண்ணிட்டீங்க அத்தை. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுங்க?"

திட்டினேன். எழுத முடியாத அளவுக்குத் திட்டினேன். சொன்னதைக் காதில் வாங்கத் தெரியாதா, இரண்டு டிகிரி எதற்கு, போனை அடுப்பில் போடு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "வெளிய சொல்லாதீங்க அத்தை. கீழ் வீட்டம்மா இப்பத்தான் சமாதானமாகி வந்தாங்க. தோட்டமும் தப்பிச்சிருச்சு. அவங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க."

தெரியாதுதான். ஈரோட்டிலிருந்து வந்த அன்றே அந்தப் பாத்தியில் கருகாத இலையாகப் பார்த்துக் கிள்ளி ஒரு கட்டுக் கொடுத்தேன். அதை அவர் பிரிக்காமலே திருப்பிவிட்டார். ஆனால் நான் ஊரில் இல்லாத வாரத்தில் மேனகா அதே பாத்தியில் தன் கையால் ஒரு கட்டு அறுத்துக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். மீன் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள். அதைச் சமைத்துத்தான் இருப்பார்.

பேசாமல் இருந்தால் மாடியில் பாத்தி இருக்கும், கீழே மதினி என்று கூப்பிட ஆள் இருக்கும். என் சத்தியம் பொய் என்று மருதமலையான் வாட்ஸப்பில் எழுதப் போவதில்லை. மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. என்னைப் பார்த்து எத்தனை நாளாக ஏமாற்றுகிறாய் என்று கேட்டபோது தலை நிமிர்ந்து படியேறினேனே, ஏமாற்றவில்லை என்ற தைரியத்தில்தானே? இனி அவர் கொடுக்கும் காப்பியை எந்த முகத்தோடு குடிப்பது?

போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"ஏனுங்கம்மா, என்ற சத்தியம் பொய்யாப் போச்சுங்க. நான் ஊருல இல்லாத வாரம் உங்க பாத்தியில மீன் தண்ணி ஊத்தியாச்சு. ஊத்துனது எங்க வீட்டுக் கை. தெரியாம நடந்தது. ஒரு கட்டு உங்க வீட்டுக்கும் வந்துருக்குது."

யார் கை என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கை என்றேன் மறுபடியும். கதவைச் சாத்திவிட்டார். படார் என்று சாத்தவில்லை, மெதுவாகத்தான். அதற்குப் படார் என்று சாத்தியிருக்கலாம்.

சாயங்காலம் கூட்டத்துக்கும் போனேன், அழைக்காமலே. அங்கேயும் அதைச் சொன்னேன். சபேசனுக்கு வந்ததே சந்தோஷம். "அப்ப நேத்து சாமி மேல பண்ணின சத்தியம்?" என்று கேட்டுவிட்டு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "பாத்திகளை அகற்றலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் மேலே போகும்போதே பின்னாலிருந்து ஒரு குரல். "ஊத்துனது நானுங்க." மேனகா எழுந்து நின்றாள். "அத்தை ஊருலயே இல்ல. அது அவங்க பாத்தின்னு தெரியாம நான்தான் ஊத்துனேன். திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க." நான் அவ்வளவு பாடுபட்டு மறைத்த பெயரை இவளே எழுந்து நின்று சொல்கிறாள். பக்கத்தில் பரணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு காந்திமதியம்மாள் எழுந்தார்.

"எனக்கு இன்னும் வயித்தக் குமட்டுது. அந்தக் கீரைய இனிமே நான் தொடமாட்டேன், அதுல மாத்தமில்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். நேத்தே முடிஞ்சு போன காரியம் இது. எனக்குத் தெரியாத விசயத்த என் வாசல்ல வந்து நின்னு சொன்னாவ. சபேசன் சார், போன கார்த்திகையில நம்ம தண்ணித் தொட்டியில புறா செத்துக் கெடந்துச்சே, எத்தன நாள் கழிச்சு எங்களுக்குச் சொன்னிய?"

சபேசன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தத் தண்ணியிலயும் நான் சாமிக்குப் பொங்கியிருக்கேன். அதுக்கு யாரும் படம் எடுத்துப் போடல. பாத்தி இருக்கட்டும். எந்தப் பாத்திக்கு எந்தத் தண்ணின்னு பலகையில எழுதி வைக்கட்டும். வேணுங்கறவங்க வாங்குங்க, வேண்டாதவங்க போங்க. நான் கை தூக்க மாட்டேன்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்று மட்டும் நின்றன. பத்தாது.

வெளியே வரும்போது நன்றி என்று சொல்லப் போனேன். என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அது அவர் உரிமை.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று நானும் மேனகாவும் கிழக்குப் பாத்தி மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டோம். அவளுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. கத்துக்கொள்வாள். பலகையும் எழுதியாயிற்று. எழுத்து என்னுடையது. ஐந்தாம் வகுப்பு எழுத்து, பத்தடி தூரத்திலிருந்தும் தெரிகிறது.

காந்திமதியம்மாள் கூப்பிடவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லி சிறுகீரை விதை ஒரு பிடி கேட்டு அனுப்பினார். பால்கனியில் அவரே தொட்டியில் போட்டுக்கொள்வாராம். நல்ல விதையாகப் பார்த்து மடித்துக் கொடுத்தேன். நெருக்கமாகத் தூவ வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டால் கேட்கட்டும்.

ஆனால் அந்தப் படம் இன்னும் வாட்ஸப்பில் கிடக்கிறது. அதற்குக் கீழே யாரும் எதையும் திருத்தி எழுதவில்லை. கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. இன்னும் பத்து வருடம் கழித்துப் பார்ப்பவனுக்கும் நான் முழங்கால் தெரிய நின்று கட்டடத்தையே ஏமாற்றியவள்தான்.

இன்று காலை அரக்கு நிறப் பட்டுச் சேலையைக் கட்டினேன். மேனகாவை ஆபீசுக்குக் கால்மணி நேரம் தாமதமாகப் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, அவளாகவே பக்கெட்டை எடுத்துக்கொண்டாள். இருவரும் சபேசன் வீட்டுக் காலிங் பெல்லை அடித்தோம். வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து கதவைத் திறந்தார்.

"வாய் கொப்புளிச்சுட்டு போன எடுத்துட்டு மாடிக்கு வாங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்திக்குப் பக்கத்துல நிக்கறோம். பலகையும் தெரியோணும், பக்கெட்டும் தெரியோணும். புதுசா ஒரு படம் எடுத்து அதே எடத்துல போடுங்க. கீழ எங்க ரெண்டு பேரு பேரையும் முழுசா எழுதோணும், தெய்வாத்தாள், மேனகா அப்படின்னு. போடற வரைக்கும் நான் மாடிய விட்டு எறங்கறதா இல்லீங்."